கோடை விடுமுறையில் மாதிரி நீதிமன்றம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் நம் பள்ளியில் சட்ட முகாம் நடக்கிறது. முடிவில் இரண்டு நாள் மாதிரி நீதிமன்றம்: பிள்ளைகளே வக்கீல்களாகவும் சாட்சிகளாகவும் இருந்து ஒரு கற்பனை வழக்கை நடத்துவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், பிளஸ் ஒன் முடித்தவர்கள் சேரலாம். கட்டணம் கிடையாது. கத்திரி வெயில் காலம் என்பதால் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்குள் விட்டுவிடுவோம். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை சொல்வது நியாயம்தான். இதில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே மாட்டோம். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. வராத பிள்ளைகளை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

அறிவிப்பு ஒட்டிய அன்றே பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கும் பிள்ளைகள். அவர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுவது மற்றவர்களுடைய பெற்றோரை நினைத்துத்தான். "எம்பொண்ணு பேசவே மாட்டா சார், அவளுக்கு எதுக்கு வக்கீல் வேலை" என்று இரண்டு மூன்று பேர் என்னிடமே சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெண்ணைத்தான் அனுப்பச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு மேடை என்றால் பட்டிமன்றம். அங்கே கைத்தட்டல் யார் பக்கமோ அவர் வென்றார். வழக்கு நடத்துவது அப்படி இல்லை. கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அதில் புகார், சாட்சிகளின் வாக்குமூலம், வரைபடம், ரசீது என்று எல்லாம் இருக்கும். அதைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒரு காகிதத்தில் இருப்பது இன்னொன்றோடு எங்கே ஒட்டவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு சாட்சி சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி அந்தப் பதிலிலிருந்துதான் வரும். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் எடுத்தது ஒரு கற்பனைத் திருட்டு வழக்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையை இரவில் உடைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை, அந்தக் கடையின் போன் ஒன்று ஒரு கல்லூரி மாணவரின் பையில் கிடைக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் குறைந்த விலைக்கு வாங்கினேன் என்கிறார் அவர். ரசீது இல்லை. திருட்டுப் போன பொருள் உடனே ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்லவும் முடியவில்லை என்றால், நீதிமன்றம் அவரே திருடினார் என்றோ, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்றோ ஊகிக்கலாம். சாட்சியச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஊகிக்கலாம், அவ்வளவுதான், ஊகித்தே தீர வேண்டும் என்றில்லை. அந்த இடைவெளியில்தான் இரண்டு தரப்பும் மல்லுக்கட்டின.

இரண்டாவது அரசுத் தரப்புச் சாட்சி, பக்கத்து டீக்கடைக்காரர். நீதிமன்ற வழக்கப்படி அவர் அ.சா.2. மாணவர் கடை வாசலில் நின்றதைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாக அவருடைய வாக்குமூலம். கட்டின் கடைசியில், யாரும் கவனிக்காத ஓர் ஆவணமாக மின்வாரியக் குறிப்பு ஒன்றை வைத்திருந்தோம். அதன்படி, அவர் பார்த்ததாகச் சொன்ன அந்த ஒரு மணி நேரம் அந்தத் தெருவில் மின்சாரமே இல்லை. இதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி. அதுவரை முகாமில் அவர் குரலை நாங்கள் யாரும் சரியாகக் கேட்டதில்லை. குறுக்கு விசாரணை செய்தது அவர் அணியில் இருந்த ஒரு நல்ல பேச்சாளன். மின்தடையைச் சாட்சியின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தான். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. வெற்றிக் களிப்பில், "அப்படியென்றால் எப்படித்தான் பார்த்தீர்கள்?" என்று ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டான். டீக்கடைக்காரராக நடித்தவன் சற்று யோசித்துவிட்டு, "என் கடையில எமர்ஜென்சி லைட் இருந்துச்சுங்க" என்றான். எங்கள் விதிப்படி சாட்சி தானாகக் கதை கட்டக் கூடாது. ஆனால் கட்டில் இல்லாத ஒன்றை எதிர்த்தரப்பே கேட்டால், பொருந்துகிற பதிலைச் சொல்லலாம். அவ்வளவு உழைப்பும் அந்த ஒரு கேள்வியில் போனது. பயிற்சி தர வந்திருந்த வழக்கறிஞர் சிரித்துவிட்டு, முப்பது வருடம் தொழில் பார்த்தவர்களும் இதில் விழுவார்கள் என்றார்.

இந்த ஆண்டு வேறு வழக்கு. என்ன வழக்கு என்பதை இப்போது சொல்ல மாட்டேன். தமிழாசிரியர் கோவலன் வழக்கை எடுக்கலாமே என்றார். தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்த வழக்கு, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். விசாரணை முழுக்கத் தமிழில்தான் நடக்கும். நம் மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. ஆங்கிலம் உயர் நீதிமன்றத்தில். தரப்பு பிரிப்பது சீட்டுக் குலுக்கி. முதல் வாரம் அரசுத் தரப்பில் இருந்தவர்கள் அடுத்த வாரம் எதிர்த்தரப்புக்கு மாறிவிட வேண்டும், அதே வழக்குக்கு. நேற்றுவரை தான் அடித்துப் பேசியதை இன்று தானே உடைக்க வேண்டும். முகாமில் பிள்ளைகள் அதிகம் முனகுவது இதற்குத்தான். என்னைக் கேட்டால், இது ஒன்றுக்காகவே முகாம் நடத்தலாம்.

மாதிரி நீதிமன்றப் போட்டிகள் உயர்நிலைப் பள்ளி அளவில் வேரூன்றியிருப்பது அமெரிக்காவில். அங்கே 1984 முதல் தேசிய அளவில் போட்டி நடக்கிறது. அவர்கள் நாட்டில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, உண்டு. நம்மிடம் ஜூரி முறை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, அதனால் நம் முகாமில் நீதிபதி ஒருவர்தான். எழுந்து நின்று "ஆர்டர், ஆர்டர்" என்று சுத்தியல் தட்டுவதும் கிடையாது, நம் ஊர் நீதிபதிகள் மேசையில் சுத்தியலே இருக்காது.

சில பெற்றோரின் தயக்கங்கள் என் காதுக்கு வந்தன. முதலாவது, "என் பையனை ஏன் கூண்டில் நிறுத்துகிறீர்கள்?" சென்ற ஆண்டு ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதும் சீட்டில் வருவதுதான். அந்த இடத்தில் நிற்கிற பிள்ளை மற்றவர்களைவிட ஒன்று கூடுதலாகத் தெரிந்துகொள்கிறது: சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை, தன்னைத் தானே குற்றத்தில் மாட்டிவிடும்படி யாரும் தன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, அதற்கு அரசியலமைப்பின் 20-வது பிரிவு இருக்கிறது. அந்த அம்மா கடைசி நாள் முன்வரிசையில் உட்கார்ந்து, மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, "கோர்ட் வாசலை மிதிக்கக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கும் பழக்கம். ஒரு நாள் காலை பிள்ளைகளைக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறோம். மே மாதம் உரிமையியல் (சிவில்) நீதிமன்றங்களுக்கு விடுமுறை, நடுவர் நீதிமன்றங்கள் நடக்கும். (வழக்கறிஞர்கள் நமக்கு நேரம் ஒதுக்க முடிவதும் இந்த விடுமுறையால்தான்.) நீதிமன்றம் திறந்த இடம், பின்பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. அங்கே சினிமா எதுவும் இருக்காது. பெயர் கூப்பிடுவார்கள், ஒருவர் ஓடி வருவார், வாய்தா கொடுப்பார்கள், போய்விடுவார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பையும் பார்த்துவிட்டு வரட்டும்.

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் ஆள் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். அதனால் எங்கள் வழக்கில் யாருக்கும் பெயர் கிடையாது. கடைக்காரர், மாணவர், ஆய்வாளர், அவ்வளவுதான். ஊரில் நடக்கும் உண்மையான வழக்கு எதையும் முகாமில் பேச அனுமதிக்க மாட்டோம். வீட்டில் வழக்கு நடக்கிற பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள்.

வட்ட சட்டப் பணிகள் குழுவிலிருந்து ஒருநாள் வந்து பேசுவார்கள். அன்று நீங்களும் வாருங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. புதிய சட்டங்களைப் பற்றியும் அன்று பேச்சு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுக்கு 379-வது பிரிவு என்பது 303 ஆகிவிட்டது. ஊரே திட்டப் பயன்படுத்தும் 420-கூட இப்போது 318.

சரி, சான்றிதழ் பற்றி. "சர்வதேச கோடைக்காலச் சட்டப் பள்ளி", "ஆன்லைன் மூட் கோர்ட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை எனக்கு அனுப்பி, கட்டலாமா சார் என்று கேட்கிறீர்கள். சில ஆயிரங்களில் தொடங்குகிறது கட்டணம். என் பதில், வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மூலம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சட்டப் படிப்பும் உண்டு, இதை நம் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. திருச்சியில் இருப்பது போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு. ஆங்கிலத்தில், இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். பிளஸ் டூ நடக்கும்போதே டிசம்பரில் வந்துவிடும் என்பதால் பிளஸ் ஒன்னிலேயே யோசிக்க வேண்டும். இந்த இரண்டு வழியிலும் கோடைக்காலச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நாங்கள் கொடுக்கும் சான்றிதழுக்கும் அதே கதிதான். கையெழுத்துப் போட்டுத் தருவேன், வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவம் வகுப்பாசிரியர்களிடம் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து கட்டாயம். நீதிமன்றத்துக்கு அழைத்துப்போகத் தனிக் கையெழுத்து. ஏப்ரல் கடைசி வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை, பையன்கள் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். பத்து மணிக்கு மோரும் சுண்டலும் பள்ளி மேலாண்மைக் குழு தருகிறது. தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தனுப்புங்கள். நாற்பது இடங்கள்தான், கூடுதலாக வந்தால் அதிகம் பேசாத, கூச்சப்படும் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பதாக ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: கறுப்புக் கோட்டுத் தைக்கக் கொடுக்க வேண்டாம். சென்ற முறை ஒருவர் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார். கோடையில் கீழமை நீதிமன்றங்களில் உண்மையான வக்கீல்களுக்கே கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பள்ளிச் சீருடையே போதும்.