உருகாத ஐஸ் மீனுக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடைத்துப் போட்டால் சீக்கிரம் கரைந்துவிடும் என்று, ஐஸைப் பெரிய பாளமாகவே பெட்டி நடுவில் வைத்து மீனைச் சுற்றி அடுக்கும் வழக்கம் கரையோரச் சந்தைகளில் இன்னும் இருக்கிறது. பாளம் அப்படியே கிடக்கிறது என்றால் அது மீனின் சூட்டை வாங்கவில்லை என்று பொருள். 0 டிகிரியிலுள்ள ஒரு கிலோ ஐஸ், அதே 0 டிகிரியில் நீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். உருகிய நீர் 5 டிகிரி வரை சூடாகும்போது மேற்கொண்டு வாங்குவது வெறும் 21 கிலோஜூல்.

30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 1,080 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். அதற்கு மூன்றேகால் கிலோ ஐஸ் போதும். அப்படியிருக்க, மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போடச் சொல்வது ஏன்? மிச்சமெல்லாம் பெட்டி தின்னும் பங்கு. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தெர்மோகோல் பெட்டிக்கு 2.5 செ.மீ. சுவர் என்றால், 30 டிகிரி நிழலில்கூட 12 மணி நேரத்தில் சுமார் 7 கிலோ ஐஸ் சுவர் வழியே வரும் சூட்டுக்கே போகும். சுவர் 5 செ.மீ. ஆனால் அது பாதியாகும். மூடி உடைந்த பெட்டி வெயிலில் நின்றால் எந்தக் கணக்கும் நிற்காது. ஐஸ் விலையை நொந்துகொள்பவர்கள் முதலில் பெட்டியைப் பார்க்கட்டும்.

அடியில் 5 செ.மீ. பொடி ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், கடைசியில் மீன் தெரியாதபடி மூடுமளவு ஐஸ். கூரான பெரிய துண்டுகள் சதையை நசுக்கும். இடையில் காற்றும் நிற்கும். உருகும் நீர் மீன்மீது வழிந்தால் நல்லது, வழும்பைக் கழுவிப்போகும். அடியில் தேங்கினால் ரத்தமும் கழிவும் கலந்த அந்த நீரிலேயே மீன் ஊறும், ஆகவே வடிதுளை வேண்டும். மீனின் தடிமன் இரட்டித்தால் நடுச்சதை குளிர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பெரிய சூரையைக் குடல் எடுத்து வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிப்பது அதனால்தான்.

உப்பைத் தூவினால் குளிர் கூடும் என்பது பாதி உண்மை. வெப்பநிலை 0-க்குக் கீழே இறங்கும், ஆனால் ஐஸ் வேகமாகத் தீரும். தோலை ஒட்டிய சதையும் உறைந்து கெடும்.

சூரை, அயிலை, சாளை போன்றவற்றைச் சூட்டில் விட்டால், சாப்பிடுபவருக்கு ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. குளிர வைப்பதில் தாமதம் ஆனால் குழம்புச் சட்டியில் அதைச் சரிசெய்ய முடியாது.

இறங்குதளங்களில் ஏலக்கூடத்தை ஒட்டியே ஐஸ் உடைக்கும் இயந்திரமும், சில்லறை வியாபாரிகளுக்குத் தடித்த சுவர்ப் பெட்டிகளும் கிடைக்க மீன்வளத் துறை வழி செய்ய வேண்டும். கூடவே முள் வைத்த தெர்மாமீட்டர் ஒன்று. அதை முதுகுச் சதையில், நடுமுள்ளை ஒட்டிக் குத்திப் பார்க்க வேண்டும்; 4 டிகிரிக்கு மேல் காட்டினால் ஐஸ் போதவில்லை. ஐஸுக்குள் செருகினால் அது எப்போதும் 0 தான் காட்டும்.

இப்படிக்கு,
மீன் பதனத் துறை ஆசிரியர்கள் சிலர்,
தூத்துக்குடி