எழுந்து வெளியே போவதும் வாரியப் பணிதான்

சமுதாய அறக்கட்டளை வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்களுக்கு வரும் மானிய விண்ணப்பங்களை முதல் சுற்றில் படித்துக் குறிப்பெழுதும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. ஆறு வருடங்களாகக் கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்து கேட்டு வருகிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் பொது விவகாரங்கள் துறைத் தலைவர் உங்கள் வாரியத்தில் இருப்பது பற்றி எழுதுகிறேன்.

அவரை நீக்கச் சொல்லவில்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். சிறிய அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுதச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் தன் நிறுவனத்தின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். நேர்மையான வேலைதான். அதை வாசலில் செருப்பைப் போல் கழற்றி வைத்துவிட்டு வர யாராலும் முடியாது.

போன கூட்டத்தில், ஆற்று நீரைத் தாங்களே பரிசோதிக்க ஒரு மக்கள் குழு கேட்ட சிறு மானியம் பேச்சுக்கு வந்தது. ஆற்றின் மேல்பக்கம் அவருடைய நிறுவனத்தின் ஆலை. அவர் நாலைந்து நிமிடம் பேசினார். எதிர்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் தகவல் வரட்டுமே" என்றார், மெதுவாக. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் வாக்கெடுப்பு. துறைத் தலைவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தான் வாக்களிக்கப் போவதில்லை என்றார். விண்ணப்பம் தள்ளிப்போனது. கூட்டக் குறிப்பில் "ஒருவர் வாக்களிக்கவில்லை" என்று ஒரே வரி. ஏன் என்று இல்லை. அதற்கு முன் அவர் பேசியதும் குறிப்பில் இல்லை.

விதியை மீறவில்லை என்பீர்கள். சரி. ஆனால் ஆண்டுதோறும் நன்கொடை தரும் நிறுவனத்தின் ஆள் எதிரில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? எனக்கே வாய் வரவில்லை.

உலகின் முதல் சமுதாய அறக்கட்டளையை 1914இல் கிளீவ்லண்டில் தொடங்கிய ஃபிரெடரிக் காஃப் ஒரு வங்கித் தலைவர். பணத்தைப் பேணும் வேலை வங்கிக்கு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஐந்து பேர் கொண்ட தனிக்குழு. அதில் வங்கிக்கு இரண்டே இடம், மற்றவர்களை மேயரும் நீதிபதிகளும் நியமித்தார்கள். தன் வங்கியின் கை எங்கே நிற்க வேண்டும் என்று அவரே கோடு போட்டார். இன்று அமெரிக்கச் சமுதாய அறக்கட்டளைகள் வரித்துறைக்கு நிரப்பித் தரும் 990 படிவமும், நலன் முரண் (சொந்த நலனும் வாரியப் பொறுப்பும் மோதுவது) பற்றிய கொள்கை இருக்கிறதா என்பதோடு விடுவதில்லை. அதை எப்படிக் கண்காணித்து நடைமுறைப்படுத்துகிறீர்கள் என்றும் கேட்கிறது.

நான் கேட்பதும் அந்தக் கண்காணிப்பைத்தான். ஒரு உறுப்பினரின் நிறுவனத்தைத் தொடும் விண்ணப்பம் வந்தால், பேச்சு தொடங்கும் முன்பே அவர் எழுந்து அறைக்கு வெளியே போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகப் போனார், எப்போது திரும்பினார் என்பது குறிப்பில் ஏற வேண்டும். அதை அவராகச் செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தலைவரே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அவருக்கும் சங்கடம் குறையும்.

அந்த ஆற்று நீர் விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்திலேயே மறுபடி எடுங்கள். முன்பு நான் எழுதிய குறிப்பு அதனுடனேயே இருக்கிறது. இந்த முறை, கேட்டால், நானும் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் விண்ணப்ப வாசகி