எழுதி வாங்கப்படும் ராஜினாமாவும் சட்டவிரோதப் பணிநீக்கமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் நிறுவனங்களில் நடக்கும் ஆட்குறைப்பு குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து செய்தி வெளியிட்டு வருவதற்கு நன்றி. அச்செய்திகளின் கடைசியில் பெரும்பாலும், ஊழியர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள் என்ற நிர்வாகத்தின் விளக்கம் இடம்பெறுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவன், இன்றும் வேலை இழந்து வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்பதைச் சொல்லவே இக்கடிதம். நம் மாநிலத்தில் நடக்கும் சட்டவிரோதப் பணிநீக்கங்களில் பல, பணிநீக்க ஆணையே இல்லாமல்தான் நடக்கின்றன.

என்னிடம் வருபவர்கள் சொல்லும் நிகழ்வு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. வேலை முடியும் நேரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது. அறைக்குள் போனால் மேசையில் ஒரு தாள் தயாராக இருக்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அச்சடித்து, தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும் என்கிறார்கள். போடாவிட்டால் திறமைக் குறைவுக்காக நீக்கியதாகப் பதிவு செய்வோம், அடுத்த நிறுவனம் விசாரித்தால் அதையே சொல்வோம் என்கிறார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்பவரிடம், அறையை விட்டு வெளியே போகும் முன் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார்கள். அடையாள அட்டையும் லேப்டாப்பும் அங்கேயே வாங்கப்படுகின்றன. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்க, அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கையெழுத்துக்கு நிர்வாகங்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன என்பது, பணிநீக்கம் எப்போது சட்டவிரோதமாகிறது என்று தெரிந்தால் விளங்கும். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதே நம் நாட்டில் குற்றம் அல்ல. காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும், முறையும் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் நீக்கம் செல்லாது. ஒழுங்கீனத்துக்காக நீக்குவதானால் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) தந்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அந்தத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தந்த பிறகே தண்டனை வழங்கலாம். விசாரணை முடியும் வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாட்களுக்கு முக்கால், அதன் பின் முழுச் சம்பளம். தண்டனையும் குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தொழிற்தகராறு சட்டத்தில் 1971-இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, விசாரணை முறையாக நடந்திருந்தாலும் தண்டனை மிகை என்று தோன்றினால் அதைக் குறைத்து மீண்டும் வேலையில் அமர்த்த ஆணையிடும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்தது.

தொழிலாளி மீது குற்றமே இல்லாமல், ஆள் அதிகம் என்று நீக்கினால் அது ஆட்குறைப்பு. 12 மாதங்களில் 240 நாட்கள் பணியாற்றிய தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. இந்த இழப்பீடு பணிக்கொடையிலிருந்து (கிராஜுவிட்டி) வேறானது. ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டுக்கும் கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆட்குறைப்பு என்பதற்கு உச்ச நீதிமன்றம் தந்த பொருளும் விரிவானது. 1976-இல் பாரத ஸ்டேட் வங்கிக்கும் சுந்தரமணி என்ற தற்காலிக ஊழியருக்கும் இடையிலான வழக்கில், காரணம் எதுவாக இருந்தாலும், பணிக்காலம் முடிந்துவிட்டது என்று நியமன ஆணையிலேயே எழுதியிருந்தாலும்கூட, அது ஆட்குறைப்பே என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். பின்னர் 1984-இல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிவதை இந்த வரையறையிலிருந்து விலக்கினார்கள். இன்று வரிசையாகப் பதினோரு மாத ஒப்பந்தங்கள் போடப்படுவதற்கு அந்தத் திருத்தமே வழிவிட்டது.

ராஜினாமா கடிதம் ஒன்று கையில் இருந்துவிட்டால், மேலே சொன்ன எதையும் நிர்வாகம் செய்ய வேண்டியதில்லை. விசாரணை வேண்டாம், முன்னறிவிப்பு வேண்டாம், இழப்பீடு வேண்டாம், அரசுக்குத் தகவலும் வேண்டாம். மிரட்டியோ நெருக்கியோ பெறப்பட்ட ஒப்புதல் செல்லாததாக்கத் தக்கது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் மிரட்டல் நடந்ததை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. மூடிய அறையில் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்?

ராஜினாமா எழுதி வாங்க முடியாத இடத்தில், வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார் என்ற கதை வருகிறது. துணிக்கடை ஒன்றில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் விற்பனையாளராக இருந்த ஒரு பெண், ஒரு நாள் காலையில் வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைத்தபோது பதிவாகவில்லை. மேற்பார்வையாளர், "உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா, ஆபீஸ்ல கேளுங்க" என்றார். அலுவலகத்தில் பதில் இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கடை வாசலில் நின்று திரும்பினார். ஆணையும் இல்லை, கடிதமும் இல்லை. பின்னர் நாங்கள் முறையிட்டபோது, அவர் தகவல் சொல்லாமல் தானாக நின்றுவிட்டதாகக் கடையின் பதில் வந்தது. அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். அவர் கடைசியாக வேலை பார்த்த மாலைக்கு ஒரு வாரம் முந்தைய தேதியே, பணியிலிருந்து வெளியேறிய தேதியாகப் பதிவாகியிருந்தது. அந்த ஒரு பதிவே அவருடைய வழக்கைத் தாங்கி நின்றது.

தானாக நின்றுவிட்டார் என்ற வாதத்துக்கு சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. பெரம்பூர் பி அண்ட் சி மில்லின் நிலையாணைகளில், அதாவது பணி விதிகளில், அனுமதியின்றித் தொடர்ந்து எட்டு நாட்கள் வராதவர் வேலையை விட்டுவிட்டதாகவே கருதப்படுவார் என்று ஒரு விதி இருந்தது. உடல் நலமின்றி விடுப்பு நீண்டுபோன வெங்கடய்யா என்ற தொழிலாளியை அந்த விதியின்கீழ் நீக்கியதை 1963-இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1993-இல், டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வழக்கில் அதே நீதிமன்றம், எட்டு நாள் விதியை அப்படியே தானாக இயங்க விட முடியாது, விளக்கம் கேட்காமலும் விசாரிக்காமலும் ஒருவரின் பிழைப்பைப் பறிப்பது வாழ்வுரிமையையே பறிப்பதாகும் என்ற நிலைக்கு வந்தது. ஆகவே இன்று, நிலையாணையில் எப்படி எழுதியிருந்தாலும், ஒருமுறையாவது வேலைக்கு வருமாறு எழுதிக் கேட்காமல், அவர் சொல்வதைக் கேட்காமல், பெயரை அடித்துவிட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. அது பலருக்கும் தெரியாமல் இருப்பதே எனக்குப் பெரும் வருத்தம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதங்கள் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனக் குற்றச்சாட்டு, அதற்கென நடத்திய விசாரணையில் பதிவான சாட்சியத்தால் உறுதிப்பட்டால் மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை. இந்தப் பாதுகாப்பைப் பெற அவர் தொழிற்தகராறு சட்டம் சொன்ன தொழிலாளி என்ற வரையறைக்குள் வர வேண்டியதில்லை. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களையும், பயணம் செய்தே வேலை பார்ப்பவர்கள் போன்ற சிலரையும் இச்சட்டம் விலக்குகிறது. துணிக்கடை விற்பனையாளருக்கும், மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுபவருக்கும் இது பொருந்தும். மேல்முறையீட்டைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் செய்யலாம். ஆனால் அதற்கு 30 நாட்களே கெடு. பலர் என்னிடம் வருவதே அந்தக் கெடு கழிந்த பிறகுதான்.

கர்ப்பிணிகளை நீக்குவது பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவது சட்டவிரோதம் என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே தெளிவாகச் சொன்னது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தன் கர்ப்பிணி ஊழியரை நீக்குவதற்குத் தடை விதித்ததும், நிறுவனம் தன் பணிநீக்க ஆணையைத் திரும்பப் பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

உயர் பதவியில் இருப்பவர்களின் நிலை வேறு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் நிறுவன மேலாளர் ஒருவரை ஒப்பந்தப்படி முன்னறிவிப்புச் சம்பளம் தந்து நீக்கினால், அவரை மீண்டும் வேலையில் அமர்த்த நீதிமன்றம் பொதுவாக ஆணையிடாது. ஒப்பந்தத்தை மீறியிருந்தால் இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இதனால்தான் பல நிறுவனங்கள், எவருக்கும் மேலதிகாரியாக இல்லாத இளைஞருக்கும் மேலாளர் என்று பதவிப் பெயர் சூட்டுகின்றன. பதவியின் பெயரை அல்ல, அவர் உண்மையில் செய்த வேலையையே பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் உறுதியான நிலைப்பாடு. ஆகவே பதவிப் பெயரைப் பார்த்து யாரும் தாமாக ஒதுங்கிவிட வேண்டாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த, தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தைப் பிடித்த தொழில் உறவுகள் தொகுப்பு என்ற சட்டம் இந்தக் களத்தை மாற்றியிருக்கிறது. ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. நீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க இருந்த மூன்று ஆண்டு அவகாசம் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. முதல் மாற்றம் பற்றி எல்லோரும் பேசினார்கள்; இரண்டாவதைப் பற்றி யாரும் பேசக் காணோம். வேலை இழந்தவர் முதல் சில மாதங்களை அடுத்த வேலை தேடுவதிலும், நிறுவனம் மனம் மாறும் என்று காத்திருப்பதிலுமே கழிக்கிறார் என்பதை அறிந்தவர்களுக்கு, ஓராண்டு குறைந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும். கடைகள் சட்டத்தை இந்தத் தொகுப்பு நீக்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். ராஜினாமா கேட்டால், எழுத்தில் தாருங்கள், யோசித்துப் பதில் தருகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டால், அன்றிரவே, என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி, இது விருப்பத்துடன் தந்தது அல்ல, திரும்பப் பெறுகிறேன் என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் மிரட்டல் கதையை விட, அதே நாளில் எழுதிய நான்கு வரிக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். வாசலில் தடுத்து நிறுத்தினால், வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, இப்போதும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று அன்றே தபால் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டு, நியமன ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வைப்பு நிதிப் பதிவு ஆகியவற்றின் நகல்கள் அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் போதாது. "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போடும்போது, உரிமைகளை விட்டுத்தராமல் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே நிறுவனத்தில் ஒரே மாதத்தில் பலர் சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்திருந்தால், அதை நிறுவனம் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவர வேண்டும். ராஜினாமாவைத் திரும்பப் பெற ஏழு நாட்களாவது அவகாசம் தரப்பட வேண்டும். அதற்குள் அதை ஏற்றுக்கொண்டதாக நிர்வாகம் ஆணை பிறப்பிக்கக் கூடாது. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இதே கடைகள் சட்டத்தைத் திருத்திய அரசுக்கு, இந்தத் திருத்தமும் எட்டாததல்ல. 41-ஆம் பிரிவின் சாரத்தையும், 30 நாள் கெடுவையும், அந்தந்தப் பகுதித் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலக முகவரியையும் ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் தமிழில் அறிவிப்புப் பலகையாக வைக்க உத்தரவிடலாம்; அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்றே கருதுகிறேன். தங்கள் நாளிதழும் ஆட்குறைப்புச் செய்திகளை வெளியிடும்போது, தாங்களாகவே விலகியதாக நிர்வாகம் சொல்லும் ஊழியர்களில் ஒருவரிடமாவது கேட்டு, அவர் சொல்வதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை