வலிக்கவில்லை என்று சொன்னது பொய், அக்கா

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு,

உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், அவ்வப்போது ஒரு இருமல், தரையில் ஒரு ஜோடி நீலச் செருப்பு. என் நினைவில் நீங்கள் அவ்வளவுதான். இரவு இரண்டு மணி இருக்கும். "தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து, "வலிக்குதா?" என்றீர்கள்.

"அவ்வளவா இல்லக்கா."

பச்சைப் பொய். எனக்கு ஸ்லீவ், அதாவது எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன், முடிந்து பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. விடிந்தால் உங்கள் முறை. உங்களைப் பயமுறுத்த வேண்டாமென்று சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் உண்மைக் காரணம் என் கால்மாட்டில் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். "வாயைக் கட்டினா போதாதா, வயித்தை வெட்டணுமா" என்று ஆறு மாதம் என்னோடு மல்லுக்கு நின்றவர். அவர் காதுபட "வலிக்குது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் உங்களுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அது தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வராந்தாவில் நடந்துவிட்டுத் திரும்பியபோது உங்கள் கட்டிலில் புது விரிப்பு. எனக்கு இது ஏழாவது வாரம். உங்களுக்கும் வேறு தேதி கொடுத்திருப்பார்கள். அதற்குள் இது உங்கள் கண்ணில் படட்டும்.

வலித்ததக்கா. ஆனால் நான் எங்கே வலிக்கும் என்று பயந்திருந்தேனோ அங்கே இல்லை. வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள். படுத்திருக்கும்வரை நான்கு இருக்கும் இடமே தெரியவில்லை. வெட்டிய பாதியை வெளியே எடுத்த அந்த ஒரு ஓட்டை மட்டும் எழும்போதெல்லாம் சுருக்கென்று இழுத்தது. பாதி என்று வாய்தவறி வந்துவிட்டது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும், மிஞ்சுவது ஒரு குழாய். படுக்கையிலிருந்து நேராக எழ முயலாதீர்கள். முதலில் ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, முதல் இருமலில் நானே கண்டுபிடித்தேன்.

நிஜமாக என்னைப் படுத்தியது தோள்பட்டை. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோளில் ஏன் வலிக்க வேண்டும்? கேமராவுக்கு இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பிப் பலூன் மாதிரி உப்ப வைப்பார்கள். அதை வெளியேற்றிய பிறகும் கொஞ்சம் மிஞ்சி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அந்த உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்வு போகும் நரம்புகள் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளை குழம்பிப்போய்த் தோள் வலிக்கிறது என்கிறது. நீங்கள் கேட்ட நேரத்தில் இடது தோளில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது எனக்கு. இரண்டு மூன்று நாளில் வாயு உடம்பில் கரைந்துவிடும். அதுவரை நடந்தால் கொஞ்சம் இளகுகிறது, படுத்தே கிடந்தால் இறுகுகிறது.

அதனால் சிஸ்டர் வந்து எழுப்பினால் முறைக்காதீர்கள். நான் முறைத்தேன். ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, "எழுந்து நடங்க" என்றார். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே கதவுவரை போனேன். நடக்கச் சொல்வது வாயுவுக்காக மட்டுமில்லை, காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவும்தான். அப்படிக் கட்டிய கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. இரவெல்லாம் என் பக்கமிருந்து புஸ்... புஸ்... என்று ஒரு சத்தம் வந்ததே, "என்னம்மா அது, பாம்பா?" என்று கேட்டீர்களே, அது கெண்டைக்காலில் மாட்டிய உறை. காற்று ஏறி ஏறி இறங்கிக் காலைப் பிசைந்துகொண்டே இருக்கும். அதோடு ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஒரு சிறு ஊசி. மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் தருவார்கள், மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை மேலே தூக்க வேண்டும். விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். சளிக்காகத் திரும்பிப் போன உங்களுக்கு அது ரொம்பவே முக்கியம்.

வலியைவிட மோசம் குமட்டல். அதற்கு ஊசி உண்டு. வாந்தி வரும்வரை காத்திருக்காமல் குமட்டல் தொடங்கியதுமே கேளுங்கள். நான் நல்ல நோயாளி என்று பெயர் வாங்க நினைத்து ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யாரும் பெயர் கொடுக்கவில்லை.

இனி தண்ணீர். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மறுநாள் காலை மருந்து ஊற்றும் மூடி போன்ற குட்டிக் கோப்பையில் 30 மில்லி தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரத்தில் குடித்து முடியுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மூச்சில் ஒரு செம்பைக் காலி செய்பவள் நான். முதல் மிடறு தொண்டையைத் தாண்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, எங்கோ ஒரு குறுகலான வாசலில் நின்று, யோசித்து, பிறகு உள்ளே போனது. தண்ணீர் போகும் வழியை வாழ்க்கையில் அன்றுதான் உணர்ந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. வெட்டித் தைத்த இடம் வீங்கியிருக்கும், அதனால்தான் அந்த நெருக்கடி. தைத்த என்பதுகூடச் சரியில்லை. டைட்டானியம் ஸ்டேபிள்களை வரிசை வரிசையாக அடித்திருப்பார்கள். கடைசிவரை அவை உள்ளேயே இருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் இறங்க வேண்டும் என்பது கணக்கு. 30 மில்லிக் கோப்பையில் அது ஐம்பது கோப்பை. முதல் நாள் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன், இருபத்திரண்டோடு நின்றது. மறுநாள் முப்பது. ஐந்தாம் நாள் சோம்பலில் எண்ணுவதை விட்டேன். அன்று இரவே தலை சுற்றியது, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது, நாடி 110ஐத் தாண்டித் துடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மூன்று மணி நேரம் தயங்கினேன். வலிதான் காரணமென்று நினைக்காதீர்கள், வெட்கம். "நாங்க அப்பவே சொன்னோமே" என்று வீட்டில் யாராவது வாயெடுப்பார்களே என்ற வெட்கம். கடைசியில் அம்மாதான் செருப்பை எடுத்துப் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே போனால் நீர்ச்சத்துக் குறைவு, இரண்டு பாட்டில் டிரிப். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறவர்களில் நிறையப் பேர் இதற்காகத்தான் வருகிறார்களாம்.

ஆனால் அது தண்ணீர்ப் பிரச்சினைதான் என்று நம் பாட்டுக்கு முடிவு கட்டக் கூடாது. நாடி 120ஐத் தொடுவது, காய்ச்சல், குறைந்துவந்த வயிற்று வலி திரும்ப ஏறுவது, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று பார்க்காதீர்கள். ஸ்டேபிள் அடித்த இடம் கசிந்தாலும் சில சமயம் நாடி வேகமாவதுதான் முதல் அடையாளம். அபூர்வம்தான், ஆனால் அதற்கு மணிக்கணக்கு முக்கியம்.

உங்களுக்கு ஸ்லீவ் இல்லை, இரைப்பை பைபாஸ் என்று சொன்ன நினைவு. அதில் இரைப்பை முட்டையளவுக்குச் சுருங்கி நேராகச் சிறுகுடலோடு சேரும். இனிப்பு உள்ளே போனால் சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும், டம்பிங் என்பார்கள். தலைவலிக்கு நாமாக வாங்கிப் போடும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் இனி உங்களுக்கு ஆகாது, புண்ணாக்கிவிடும். இன்னொன்று, உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்றீர்களே, எடை குறையத் தொடங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே மாத்திரையும் இன்சுலினும் தொடர்ந்தால் ஒரேயடியாகத் தாழ்ந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது இதைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே எடை பார்க்க ஆசை வரும். நான் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாளைவிட இரண்டு கிலோ கூடுதல்! ஏற்றிய டிரிப் எல்லாம் உடம்பில் நிற்கிறது, வேறொன்றுமில்லை. மூன்றாவது வாரமும் எட்டு நாள் முள் அசையவே இல்லை. பலருக்கும் அந்தக் கட்டத்தில் இப்படி நிற்குமாம், பிறகு தானாக நகரும். எனக்கும் நகர்ந்தது. ஆனால் அந்த எட்டு நாளும் நான் பேசிய பேச்சை வீட்டில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பசி ஒரு விசித்திரம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். வயிறு கேட்கவில்லை. ஆனால் வாய் கேட்டது, கை கேட்டது, மாலை ஆறு மணி கேட்டது. ஒன்பதாம் நாள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நன்றாக இருந்த வயிற்றை வெட்டிக்கொண்டு வந்துவிட்டேனே என்று. உங்களுக்கும் அப்படியொரு நாள் வரலாம். அதற்காக ஆபரேஷனில் ஏதோ தவறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நாளில் அது தணிந்தது, அப்புறம் இன்னொரு முறை வந்தது, தணிந்தது.

கூழாக அரைத்த சாப்பாடு தொடங்கியபோது ஒரு முட்டாள்தனம் செய்தேன். முதல் கரண்டி நன்றாக இறங்கிற்று. இரண்டாவதும் இறங்கிற்று. மூன்றாவதைக் காத்திருக்காமல் போட்டேன். நெஞ்சில் கல் விழுந்த மாதிரி அடைத்து, வாயெல்லாம் நுரையாக எச்சில் ஊறி, கால்மணி நேரம் தொட்டிமேல் குனிந்து துப்பிக்கொண்டிருந்தேன். குழந்தைக் கரண்டி ஒன்று வாங்கி வையுங்கள். புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், நாளொன்றுக்கு 60 கிராமாவது போக வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துத்தான். மூன்று மாதத்துக்குமேல் முடி கொட்டுமாம், திரும்ப முளைக்குமாம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். இவையெல்லாம் அவர்கள் கொடுக்கும் தாளிலேயே இருக்கும், நான் ஒப்பிக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளில் இல்லாத ஒன்றுக்காகத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பொய்யை ஒப்புக்கொள்ளவே இவ்வளவு தூரம் ஆகிவிட்டது.

அன்று மாலை மயக்க மருந்து டாக்டர் வந்து உங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "தூக்கத்துல குறட்டை விடுவீங்களா? மூச்சு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "நான் தனியாத்தான் படுக்கிறேன் டாக்டர், யார் சொல்லப்போறா?" என்றீர்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

என் பதிலைக் கேட்டபிறகு நீங்கள் தூங்கிப்போனீர்கள். எனக்குத் தோள் வலியில் தூக்கமில்லை. உங்கள் குறட்டை ஏறி ஏறிச் சட்டென்று நின்றது. புஸ் சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணினேன். பதினான்கு எண்ணியபோது ஒரு பெரிய திணறலோடு மூச்சு வந்தது. மறுபடி நின்றது, அந்த முறை இருபது. விடியும்வரை இப்படித்தான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். காலையில் நீங்கள் இல்லை.

அப்படி மூச்சு நின்றது சளியால் மட்டும்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அவர்கள் சோதித்துச் சொல்லட்டும். மயக்க மருந்தும் வலி மருந்தும் மூச்சை இன்னும் தளர்த்தும் என்பதால் இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கச் சோதனை செய்து, தேவைப்பட்டால் இரவில் மாட்டிக்கொள்ள மூச்சுக் கருவி கொடுப்பார்கள். கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கும் அதைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் எண்ணிப் பார்த்தாள், இருபதுவரை போனது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில்காரி