தசையோடு முடிகிற நோய் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த தசைச் சிதைவு நோய்க் கட்டுரையைப் படித்தேன். கெண்டைக்கால் பருப்பது, தொடையில் கையூன்றி எழுவது, ஸ்டீராய்டு, சக்கர நாற்காலி எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் மூளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அக்கா மகனுக்கு அந்த நோயில் டுஷேன் என்கிற, பெரும்பாலும் பையன்களுக்கு வருகிற வகை இருக்கிறது, அதனால் அந்தக் குறை கண்ணில் பட்டது.

இந்த நோயில் இல்லாமல் போகிற டிஸ்ட்ரோஃபின் புரதம் தசைக்கு மட்டும் உரியதல்ல, மூளையிலும் அதற்கு வேலை உண்டு. டுஷேன் உள்ள பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது. அது இல்லாத பலருக்கும் கவனக்குறைவு, வாசிப்பில் சிரமம், ஆட்டிசம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இதைச் சொன்னால், "நடக்க முடியலை, விளையாட முடியலை, அந்த வருத்தம்தான், போதாக்குறைக்கு ஸ்டீராய்டு வேற" என்பார்கள். அதிலும் உண்மை உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்பதற்கு எலிகள்தான் சாட்சி.

1984-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட எம்டிஎக்ஸ் என்ற சுண்டெலி வகைக்கும் டிஸ்ட்ரோஃபின் கிடையாது. இவற்றுக்குத் தசைப் பாதிப்பு லேசுதான், நன்றாகவே ஓடித் திரியும். பள்ளிக்கூடம், கேலி, மாத்திரை எதுவும் இவற்றுக்கு இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் எலியைச் சில வினாடிகள் அசையவிடாமல் பிடித்திருந்து, பிறகு விடுவித்தார்கள். சாதாரண எலி சீக்கிரமே நடமாடத் தொடங்கிவிட்டது, எம்டிஎக்ஸ் எலியோ பயத்தில் வெகுநேரம் அப்படியே விறைத்து நின்றது. அப்புறம் மூளைக்குள்ளேயே மருந்து செலுத்தி டிஸ்ட்ரோஃபினை ஓரளவு உருவாக வைத்ததும் அந்த விறைப்பு குறைந்தது! பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் நரம்புகளின் வேகத்தை அடக்குகிற காபா ஏற்பிகள் சரியாக நிலைகொள்ள டிஸ்ட்ரோஃபின் வேண்டும் என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்ட்ரோஃபினில் நீளமானது, குட்டையானது என்று பல வடிவங்கள் இருக்கின்றன. அதை உருவாக்கும் மரபணு, எக்ஸான் என்கிற வரிசை எண் கொண்ட துண்டுகளால் ஆனது. எம்டிஎக்ஸ் எலியில் கோளாறு 23-வது எக்ஸானில் என்பதால் நீள வடிவம் மட்டும் போய்விடுகிறது. 52-வது எக்ஸானை நீக்கி உருவாக்கிய எலியில் மூளைக்குரிய ஒரு குட்டை வடிவமும் சேர்ந்து போகிறது, அவற்றில் பதற்றமும் பயமும் இன்னும் அதிகம். பையன்களிலும் மரபணுவின் பின்பகுதியில் கோளாறு இருந்தால் கற்றல் சிரமம் கூடுதலாகக் காணப்படுகிறது. எலியை வைத்து ஒரு பிள்ளையை எடைபோட முடியாதுதான், ஆனால் அந்த எக்ஸான் எண் ஒவ்வொரு வீட்டிலும் மரபணு ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அதைப் பார்த்து 'படிப்பில் எப்படி இருக்கிறான்' என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

என் மருமகனிடம் "நோட்டை எடு, தேதி போடு, போர்டில் இருக்கிற கணக்கை எழுது" என்று ஒரே மூச்சில் சொன்னால் நோட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் வகுப்பில் அதற்கு வைத்த பெயர் வீம்பு. ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்கிறான். காதால் கேட்டதை மனதில் பிடித்து வைப்பது இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கஷ்டம், அது ஆராய்ச்சியில் தெரிந்த சங்கதி. ஒரே ஆறுதல், தசை மாதிரி இந்தச் சிரமம் வருடத்துக்கு வருடம் மோசமாவதில்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவும் கற்றல் குறைபாடும் தனித்தனியாக இருக்கின்றன. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை. பிசியோதெரபிக்கு அனுப்பும்போதே உளவியல் மதிப்பீட்டுக்கும் அனுப்பினால் என்ன? கோளாறான இடத்தைத் தாண்டி டிஸ்ட்ரோஃபினை ஓரளவு உருவாக வைப்பதற்காக ஊசியாக ஏற்றும் 'எக்ஸான் தாண்டும்' மருந்துகளும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை, அதனால் மருந்து வரட்டும் என்று படிப்பை ஒத்திப்போட முடியாது.

அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி ஒன்று போடுங்கள், ஒரு குழந்தை உளவியலாளரிடமும் ஒரு சிறப்பாசிரியரிடமும் பேசி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஈரோடு