ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் வெளிநாட்டு நகரம் ஒன்றில் திறந்திருக்கும் புதிய ஓவியக் கூடத்தின் படத்தையும், அதன் வெளித்தோற்றத்தைப் பார்த்து அந்த ஊர்ச் சனம் ஏசியதையும் போட்டிருந்தீர்கள். கட்டுரை நல்ல கட்டுரைதான். கடைசிப் பந்தியில் மட்டும், சாதாரண மக்களுக்கு இந்த மாதிரிக் கட்டடங்கள் விளங்காது என்று எழுதியவர் முடித்துவிட்டார். அந்த ஒரு வரி என்னை இரண்டு நாளாக விடவில்லை. 31 வருடம் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்திருக்கிறேன். இதெல்லாம் இவனுக்கு விளங்காது என்று ஒதுக்கிவைத்த எத்தனையோ பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்து விளங்கவைத்திருக்கிறேன்.

என் கதையையே சொல்கிறேன். 2014 இல் பாரிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் அங்கே தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "அக்காவுக்கு ஓவியம் என்றால் உயிராச்சே, வாங்கோ" என்று பொம்பிது மையத்துக்குக் கூட்டிப் போனான். பெரிய ஓவியக் கூடம் என்றால் தூணும் படிக்கட்டுமாக இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு நெஞ்சு பக்கென்றது. சுவரே தெரியாமல் இரும்புச் சட்டங்கள். ஒரு பக்கம் முழுக்கப் பெரிய பெரிய குழாய்கள், நீலமும் பச்சையுமாக. எனக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வந்தது. வடிவே இல்லையடா, கட்டி முடிக்காமல் விட்டுவிட்டார்களா என்று கேட்டேன்.

அப்போது 12 வயதாக இருந்த மருமகன்தான் பதில் சொன்னான். பள்ளிக்கூடத்தில் கூட்டி வந்து காட்டினார்களாம். "மாமி, நீலக் குழாய்க்குள்ளே காற்று, பச்சைக்குள்ளே தண்ணீர், மஞ்சள் கரண்ட், சிவப்பு ஆட்கள் ஏறி இறங்குகிற இடம்." வீட்டுக்குள்ளே ஒளித்து வைக்கிற எல்லாவற்றையும் ஏன் வெளியே போட்டார்கள் தெரியுமா என்று அவனே கேட்டு அவனே சொன்னான். வெளியே போட்டதால் உள்ளே ஒவ்வொரு தளமும் தடையில்லாத வெறும் வெளியாகக் கிடைக்கிறது. எந்தக் கண்காட்சிக்கும் ஏற்றபடி தட்டிகளை நகர்த்தி அமைத்துக்கொள்ளலாம். கிடைத்த காணியிலும் பாதியைக் கட்டாமல் சனம் வந்து இருக்கட்டும் என்று முற்றமாக விட்டிருக்கிறார்கள். அந்தச் சரிந்த முற்றத்தில் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கப் பார்க்க எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். சட்டங்களின் ஒழுங்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது எனக்கு வடிவாகவே தெரிந்தது, இன்றும் அப்படித்தான்.

1977 இல் அதைத் திறந்தபோது பாரிஸ்காரர்களும் என்னைப் போலத்தான் ஏசினார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்றார்கள். ரென்சோ பியானோவோடு சேர்ந்து அதை வரைந்த ரிச்சர்ட் ரொஜர்ஸ் பின்னாளில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். மழையில் நின்ற அவரை ஒரு வயதான அம்மா தன் குடைக்குள் அழைத்தாராம். இந்தக் கட்டடத்தை வரைந்தது நான்தான் என்று அவர் சொன்னதும் அதே குடையால் அடித்தாராம். அந்த அம்மாவில் எனக்குக் கோபமே வரவில்லை. தன் ஊரில் அக்கறை இல்லாதவர் குடையை ஓங்குவாரா?

சரி, நம் ஊருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் புல்லுக்குளத்தடியில், பொதுநூலகத்துக்குப் பக்கத்தில், இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த கலாசார நிலையத்தை 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்தார்கள். இரண்டு தளத்தில் அருங்காட்சியகம், 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு, 11 மாடிக் கோபுரம் என்று யாழ்ப்பாணம் முன்பு கண்டிராத கட்டடம். 2025 ஜனவரியில் பெயரைத் திருவள்ளுவர் கலாசார நிலையம் என்று மாற்றியபோது ஊரே வாய் திறந்தது. சில நாட்களில் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் பெயருக்குள் திரும்பி வந்தது. பெயருக்குக் கேட்ட குரல் உருவத்துக்கு எங்கே கேட்டது? பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் கதைத்ததோடு சரி. நூலகத்தை அமத்திவிட்டது என்பார் ஒருவர், கொழும்பைத் தூக்கி வந்து வைத்த மாதிரி என்பார் இன்னொருவர். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும், உயரத்துக்கு மட்டும்தான் மனம் ஒப்பவில்லை. இவற்றை எல்லாம் கேட்டு எழுதிவைத்தவரும் இல்லை, பதில் சொன்னவரும் இல்லை.

பக்கத்தில் நிற்கும் நூலகத்தையே பாருங்கள். 1959 இல் திறந்தபோது அதுவும் புதுத் தோற்றம்தான். சென்னையிலிருந்து வந்த நரசிம்மன் வரைந்த அந்தக் குவிமாடங்களுக்கும் நடுவில் முற்றம் வைத்த நம் நாற்சார் வீடுகளுக்கும் என்ன உறவு? ஆனால் அதைக் கட்டக் களியாட்ட விழா நடத்தி, அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்று, ஊரிடம் காசு சேர்த்தார்கள். சீட்டு வாங்கியவருக்கு அது தன்னுடைய கட்டடம். 1981 இல் 97,000 நூல்களோடு அது எரிந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் இழவு விழுந்த மாதிரி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். திரும்பக் கட்டும்போதும் பழைய தோற்றம் போகாமல்தான் கட்டினார்கள்.

இனி ஒரு ஓவியக் கூடமோ அரங்கோ இங்கே கட்டுவதென்றால், அத்திவாரம் வெட்ட முதல் அதன் மாதிரி உருவத்தை நூலக மண்டபத்தில் ஒரு மாதம் வைக்கவேண்டும். வரைந்தவர் வந்து நின்று, மேற்கு வெயிலுக்கு என்ன செய்திருக்கிறார், கடல் உப்புக்காற்றுக்கு என்ன செய்திருக்கிறார், ஏன் இந்த உயரம் என்று தமிழில் சொல்லவேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சொல்ல ஒருவரைக் கூட்டி வரட்டும். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும், வருகிறவர்கள் மனதில் பட்டதை எழுதட்டும். ஏசினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கு வாசலில் ஒரு விளக்கப் பலகை போதும்.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு புல்லுக்குளத்தடியில் இருந்து இரண்டு கட்டடத்தையும் கீறினோம். "அம்மம்மா, இது ஏன் இவ்வளவு உயரம்? நூலகம் குட்டியாத் தெரியுதே" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அதை வரைந்தவர்களிடம் கேட்டு உங்கள் பத்திரிகையில் போடுவீர்களானால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
கோண்டாவில்.