சான்றிதழுக்கு மறுநாள்

ஆதரவற்ற வளரிளம் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றோர் நடத்தும் மையங்களில் பல ஆண்டுகளாகத் தையல் கற்றுக்கொடுப்பவள் நான். என்னையும் சேர்த்துத்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் விழா வைக்கிறோம். சான்றிதழ், தையல் இயந்திரம், புகைப்படம். மறுநாள் என்ன ஆனது என்று எந்த ஆண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை. என்னிடம் படித்த ஒருத்தியின் இயந்திரம் மூன்றே மாதத்தில் விலைபோனது. விற்றவர் அவளை வளர்த்த உறவினர். "சும்மாதானே கிடக்கிறது" என்றாராம். அவள் கைவேலையில் குறையே இல்லை. காஜா எடுப்பதில் என்னையே மிஞ்சுவாள். ஆனால் ஒரு சட்டைக்கு எவ்வளவு கூலி கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித்தரவில்லை, பாடத்திட்டத்திலும் இல்லை. நூல், பொத்தான், மின்சாரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, தன் உழைப்புக்கும் ஒரு விலை போட வேண்டும். "அப்புறம் தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் கேட்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கழுத்துப்பட்டை தைப்பதைவிடக் கடினமான வேலை அது.

கிடைத்த கொஞ்சக் காசும் அந்த உறவினர் கைக்கே போனது. தன் பெயரில் அவளுக்கு வங்கிக் கணக்கு இல்லை. காப்பாளர் கையெழுத்து இல்லாமல் கணக்கு தொடங்க முடியாத இடங்களில் மையம்தான் வழி தேட வேண்டும்.

இன்னொன்று: ஏன் எப்போதும் தையல்? ஒரே தெருவில் பத்துப் பேருக்கு ஒரே தொழிலைக் கற்றுக்கொடுத்தால் கூலி சரியாமல் என்ன செய்யும்? மின்பணி, கைப்பேசிப் பழுதுநீக்கம் என்று பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆர்வமாகக் கை தூக்குவார்கள். (என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன்.)

"வேலையில் சேர்த்துவிட்டோம்" என்ற கணக்கையும் எந்த வயதில், எந்த வேலையில் என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடான வேலைக்குப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது உலகத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கை.

பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு உகாண்டாவில் நடத்திய வளரிளம் பெண்கள் மன்றங்களை அறிந்திருப்பீர்கள். கைத்தொழிலோடு உடல்நலம், திருமணம், பணம் பற்றியும் அங்கே பேசினார்கள். வழிநடத்தியவர்கள் அதே ஊரின் சற்றே மூத்த பெண்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப்போய்ப் பார்த்தபோது, மன்றம் இருந்த ஊர்களில் சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்கள் கூடியிருந்தார்கள். இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் குறைந்திருந்தன. நாம் நான்கு மாதம் கழித்தாவது போய்ப் பார்த்திருக்கிறோமா?

விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில், பயிற்சி முடித்தவர்களை ஓராண்டு தொடர்ந்து சந்திக்க ஓர் ஆளை நியமியுங்கள். யார் தொழிலை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதையும் அறிக்கையில் அச்சிடுங்கள்.

அடுத்த அணி விரைவில் சேருகிறது. கூலி கணக்கிடும் பாடத்தை இம்முறை நானே சேர்த்துவிட்டேன். அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல் ஆசிரியை